மாடிப்படிப் பூதம்

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்ப எங்க உட்டீங்க? வெளியவா? அங்க உட்டா நாய் தூக்கிட்டுப் போயிருமுங்க. மாடிப்படிக்குக் கீழ பலகை இருக்குது பாருங்க, அதுல வெச்சுட்டு வாங்க. ஆ, இப்ப சரி. ஏனுங்க சிரிக்கறீங்க? செருப்பக் கேட்டா இப்பெல்லாம் எல்லாரும் சிரிக்கறாங்க. பரவால்லீங்க, உக்காருங்க.

மேல் ஊடு பாக்க வந்திருக்கறீங்க, தெரியும். தெய்வானை சொன்னா. தெய்வானை எம்பட ஊட்டுக்காரம்மா, உள்ள மொச்சை உரிச்சுட்டு இருக்கறா. "இந்தப் புள்ளையையும் ஏதாச்சும் நொட்டை சொல்லித் தொரத்துனீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்"னு காத்தாலயே மெரட்டியாச்சு. நானென்னமோ வர்றவங்களையெல்லாம் தொரத்தறாப்புல! பேங்க்ல வேலைன்னு ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுசந்தான். ஆனா நான் பேசப் பேச செல்லையே பாத்துட்டு இருந்தாரு. வேண்டாம்னுட்டேன். அப்பறம் ஒரு புருசன் பொண்டாட்டி. தண்ணி டேங்கப் பத்தி நான் ஆரம்பிக்கறதுக்குள்ள, "அதெல்லாம் சரிங்க சார், சாவியக் குடுங்க, மேல போயிப் பாக்கறோம்"ங்கறாங்க. அவசரத்தப் பாருங்க. இவங்களுக்கெல்லாம் எப்படிங்க சாவியக் குடுக்கறது?

சத்தமாப் பேசறேன்னு நெனச்சுக்காதீங்க. கோவமில்லீங்க. ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசரா இருந்தவன் நான். அந்த மிசினுங்க நடுவுல நின்னு கத்திக் கத்தி தொண்டை இப்படியே நின்னு போச்சு. ஊட்டுல உப்புக் கேட்டாக்கூட எதுத்த ஊட்டுச் சென்னியப்பன் எட்டிப் பாக்கறான்.

சாவி இங்கதான் இருக்குது, இடுப்புல. குடுக்கறேன். அதுக்கு முன்ன, இங்க இருந்த புள்ளைங்க கதையக் கேட்டுருங்க. நாளைக்கு அந்தச் சென்னியப்பன் வேற மாதிரிச் சொல்லுவான். அவன் சொல்றத நம்பாதீங்க.

ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. ஒண்ணு கரூர்ப் பக்கம், பேரு சுடர்விழி. இன்னொண்ணு நாகர்கோயிலு, ரெஜினா. ஒண்ணாப் படிச்சதுகளாம். என்ன வேலைன்னு கேட்டா, "கேம் பண்றோம் அங்கிள்"னாங்க. கேம் வெளையாடறதுன்னு கேள்விப்பட்டிருக்கறேன், பண்றதுன்னா என்னன்னு எனக்கு எங்க தெரியும்? ஆபீசு கெடையாது, பஸ்சு கெடையாது, பகலெல்லாம் மேலயே. அதுவாச்சும் போகட்டும், சத்தமுங்க! "தவளையாப் போ!"ங்குது ஒண்ணு. "இல்லடி, இன்னும் ஆவேசமாச் சொல்லு"ங்குது இன்னொண்ணு. மறுபடியும் "தவளையாப் போ!" அப்பறம் ரெண்டும் சேந்து கெக்கெக்கேன்னு சிரிக்குதுங்க.

நான் என்னத்தக் கண்டேன்? செய்வினை கிய்வினை வெக்கறாங்களோன்னு ஆயிருச்சு. எனக்கொண்ணும் பயமில்லீங்க, தெய்வானைக்கு சுகர் இருக்குது, அதுக்காகத்தான். கோயில்ல மந்திரிச்சு ஒரு பூசணிக்காய வாங்கியாந்து, கண்ணு, மீசை, பல்லெல்லாம் வரைஞ்சு மாடிப்படிக்கு மேல கட்டித் தொங்க உட்டேன். மூஞ்சி கொஞ்சம் கோணலா வந்திருச்சு. மறுநாப் பாத்தா, சுடர்விழி அதுக்குக் கீழ உக்காந்து அதையே பாத்து வரைஞ்சுட்டு இருக்கறா! "சூப்பரா இருக்கு அங்கிள், நீங்களா பண்ணீங்க?"ன்னு கேக்கறா. ஆமான்னேன். உங்களுக்குப் பயந்துதான் கட்டுனேன்னா சொல்ல முடியும்?

அன்னைக்குத்தான் மேல கூட்டிட்டுப் போயி கம்ப்யூட்டர்ல காட்டுனாங்க. அந்தத் தவளைக் கூச்சலெல்லாம் அதுக்குத்தானாம். அதொரு கதையாட்ட இருக்குதுங்க. மினுக்கின்னு ஒரு புள்ள. ஒரு நா அதோட நெழலு அதுகிட்டக் கோவிச்சுட்டு எங்கயோ போயிருது. நெழலு இல்லாத புள்ளைய ஆரு சேத்துக்குவாங்க? அதனால மந்திரம் கத்துக்கக் கெளம்புது. பள்ளிக்கூடமெல்லாம் கெடையாது. அந்த ஊர்ல ஊட்டுக்கு ஊடு ஒரு மந்திரம் தெரியும். ஒரு அம்மா இட்லியப் பறக்க வெப்பாங்க. ஒரு தாத்தன் கொட்டாவி உட்டா மழை வரும். ஒவ்வொரு ஊடாப் போயி இந்தப் புள்ள கத்துக்கோணும். கூடவே ஒரு வெளக்குமாறு வருது, பறக்கறதுக்கு. ஆனா அந்த வெளக்குமாத்துக்கு ஒசரம்னா பயம்! சிரிக்காம என்ன பண்றது? கோவிச்சுட்டுப் போனதத் திருப்பிக் கூப்புடறதுக்கு ஒரு மந்திரம் இருக்குதாம். அது ஒரு மாடி ஊட்டுல இருக்குது. அங்க போயிட்டா கதை முடிஞ்சுது.

நான் அப்பவே கேட்டேன், "ஏம்மா, கோவிச்சுட்டுப் போனத ஆராச்சும் போயிக் கூப்புடுவாங்களா? ரோசம் வேண்டாமா?" ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிச்சு.

நல்ல புள்ளைங்கதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். மேல போற படியில மூணாவது படி ஆடும். கல்லு பேந்திருச்சு, கொத்தனாரு வர்றேன் வர்றேன்னு நாளத் தள்ளிட்டே இருக்கறான். அதுக ஏறறப்பெல்லாம் நான் இங்கிருந்து, "மூணாவது படி ஆடும், பாத்துப் போ"ன்னு சொல்லுவேன். "சரி அங்கிள்"ம்பாங்க. தெனமும் சொல்லுவேன், தெனமும் "சரி அங்கிள்"தான். ஒரு நாக்கூட "தெரியும் அங்கிள்"னு சொன்னதில்லீங்க.

அப்பறம் ஒரு நா வந்து, "அங்கிள், உங்க குரல் எங்க கேமுக்கு வேணும். முக்கியமான ஆளு. அவரத் தாண்டாம ஆரும் மேல போக முடியாது"ன்னாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. குருவுங்க! மந்திரத்துக்கெல்லாம் தலைவன். வெள்ளத் தாடி, கையில தண்டம். வேற ஆருக்குங்க இந்தக் குரலு? அன்னைக்கே சென்னியப்பங்கிட்டச் சொல்லிட்டேன். எம்பட மகளுக்கு நியூசிலாந்துக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். சம்பந்தி ஊட்டுக்கும் சொல்லியாச்சு.

மேல ஜன்னலெல்லாம் சாத்தி, எம்மேல போர்வையப் போத்தி, உள்ள ஒரு மைக்க வெச்சாங்க. தெருச் சத்தம் கேக்கக் கூடாதாம். வேர்த்து ஊத்துது. சொல்லச் சொன்னதெல்லாம் சொன்னேன். "ஆரது?" "எதுக்கு வந்தே?" "செருப்ப எங்க உட்டே?" "மோட்டார ஆப் பண்ணுனியா?" குருன்னா சிஷ்யங்கிட்ட இப்படித்தானுங்க கேட்டுச் சோதிக்கோணும்? நானும் கம்பீரமாச் சொன்னேன்.

எல்லாம் முடிஞ்சப்பறம் ரெஜினா சொன்னா, "அங்கிள், இப்ப உங்களுக்குத் தோணறத பேசுங்க. இந்த மேல் வீட்டப் பத்தி." சரின்னு பேசுனேன்.

என்னத்தப் பேசிருப்பேன்? இந்த ஊட்டப் பத்தித்தான். இது எம்பட புள்ள கோகிலாவுக்குன்னு கட்டுனதுங்க. ஒரே புள்ள. கல்யாணம் பண்ணி மேலயே குடி வெச்சுக்கலாம்னு. அவளுக்கு மலையப் பாக்கப் புடிக்கும்னு மேக்கால ஜன்னல் வெச்சேன். குள்ளப் புள்ள, அதனால சமையக்கட்டு மேடையக் கொத்தனாருகிட்டச் சண்டை போட்டுத் தாழ்வா வெச்சேன். போனா நீங்க பாப்பீங்க, உங்களுக்கு இடுப்பு வலிக்கும், இப்பவே சொல்லிட்டேன். பெயிண்ட் வாசம் போறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நியூசிலாந்துல வேலை. போயிட்டா. அடுத்த லீவுக்கு வர்றேன், அடுத்த லீவுக்கு வர்றேன்னு சொல்லுவா. அப்பறம் ஒரு நா அவளே, "அப்பா, மேல வாடகைக்கு உட்டுருங்கப்பா, சும்மாதான கெடக்குது"ன்னுட்டா. சும்மாக் கெடக்குதாம்! நான் தெனமும் போயிக் கூட்டிப் பெருக்கிட்டு வர்றேன், அது சும்மாவா கெடக்குது? போனைக் கீழ வெச்சப்பறம் எனக்கு அழுகை வந்துருச்சுங்க. ஆம்பள எதுக்கு அழுகோணும்? வந்துருச்சு. மேல ஆராச்சும் நடக்கற சத்தம் கேக்கோணும், அம்மிணி. அது இல்லாம இந்த ஊட்டுல எனக்கு இருப்புக் கொள்ள மாட்டேங்குது.

இதையெல்லாம் போர்வைக்குள்ள உக்காந்து சொன்னேன். ரெண்டு புள்ளைங்களும் ஒரு வார்த்தை குறுக்க பேசலைங்க. தூங்கிருச்சுகளோன்னு போர்வைய வெலக்கிப் பாத்தா, ரெஜினாவுக்குக் கண்ணு கலங்கியிருக்குது. "என்ன சாமி?"ன்னேன். "தூசி அங்கிள்"னா. மேல கூட்டறதே இல்ல போல. "இதையும் கேம்ல போட்டுக்கலாமா அங்கிள்?"னு கேட்டாங்க. "எது வேணாலும் போட்டுக்கங்க"ன்னுட்டேன்.

அங்கதான் ஏமாந்தேன்.

கேம் வெளிய வர்ற அன்னைக்கு நம்ம ஊட்டு டிவியிலதான் எல்லாரும் பாக்கோணும்னு ஏற்பாடு. நாந்தான் எல்லாரையும் கூப்புட்டேன். சம்பந்தி ஊட்டுக்காரங்க, தெருவுல பாதிப்பேரு, அந்தச் சென்னியப்பன். தெய்வானை போண்டா சுட்டா. சுடர்விழி வெளையாடிக் காட்டறா. மினுக்கி வருது, இட்லி பறக்குது, எல்லாரும் கை தட்டறாங்க. "இருங்க, நம்மாளு இனிமேத்தான் வருவாரு"ன்னு நான் சொல்றேன். மாடிப்படி வருது. மேல கோணப்பூசணிக்காய் தொங்குது. படிக்கட்டுல உக்காந்திருக்குதுங்க ஒரு பூதம். பச்சையா, பானையாட்டத் தொப்பை வெச்சுட்டு! ஓட்டை பனியனு, தோள்ல துண்டு, இடுப்புல சாவிக்கொத்து. வாயத் தொறந்து, எம்பட குரல்ல, "செருப்ப எங்க உட்டே?"ங்குது!

சிரிச்சாங்க பாருங்க. சம்பந்தியம்மா, ஒரு நாளும் பல்லக் காட்டாத பொம்பள, முந்தானைய வாயில வெச்சுட்டுச் சிரிக்குது. சென்னியப்பனுக்குச் சிரிப்புல சட்னி மூக்குல ஏறிருச்சு. இப்ப நான் கடைக்குப் போனா, தெருவுல வெளையாடற வாண்டுக, "செருப்ப எங்க உட்டே?"ன்னு பின்னாலயே வருதுங்க.

நான் அன்னைக்கே சொல்லிட்டேன். "இந்த மாசத்தோட காலி பண்ணிக்கங்க." சுடர்விழி அழுதுட்டா. "அங்கிள், கேம்லயே எல்லாருக்கும் ரொம்பப் புடிச்ச ஆளு அவருதான் அங்கிள். முழுசா ஒரு தடவ கேளுங்க அங்கிள்"னு கெஞ்சுனா. முழுசாக் கேக்கறதுக்கு என்னுங்க இருக்குது? பச்சைக் கலர்ல ஒரு தொப்பை. அதுக்கு மேல என்னத்த? காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. போறப்ப மூணாவது படி ஆடும்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துது. சொல்லலைங்க. ரோசம் வேண்டாமா?

இப்பவும் ஞாயித்துக்கிழமையானாத் தெய்வானைகிட்டப் போன்ல பேசுவாங்க. நான் பேச மாட்டேன். அந்த நேரம் பாத்து டிவி சத்தத்தக் கொறச்சு வெச்சுக்குவேன், அவளுக்கு எடஞ்சலா இருக்கக் கூடாதுன்னு. ரெஜினாவுக்குச் சளி புடிச்சிருக்குதாம், பாவம்.

கேமையும் அந்தக் கையில புடிக்கற சாமானத்தையும் டிவிலயே உட்டுட்டுப் போயிட்டாங்க. ரெண்டு காது வெச்ச ரிமோட்டாட்ட இருக்குது. சரி, அப்படி என்னதான் பண்ணி வெச்சிருக்காங்கன்னு பாக்கலாம்னு எடுத்தேன். பாருங்கம்மிணி, வெளையாட வெளையாட எனக்குக் கை வந்துருச்சு. இட்லி பறக்க வெச்சாச்சு. கொட்டாவி உட்டு மழை கொண்டாந்தாச்சு. அந்த வெளக்குமாத்துக்கு பயம் போகோணும்னா அதத் திட்டக் கூடாது, தூக்கி இடுப்புல வெச்சுத் தட்டிக் குடுக்கோணும். நானே கண்டுபுடிச்சேன். சென்னியப்பன் பேரனே எங்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுட்டுப் போனான்.

எல்லாம் சரி, இந்தப் பூதத்தத் தாண்ட முடியலைங்க! தவளை மந்திரம் போட்டேன், தவளையாகறதுக்குப் பதிலா இன்னும் பெருசாச்சு. மழைய வர வெச்சேன், கொடைய விரிச்சுட்டு உக்காந்திருக்குது. இட்லிய எறிஞ்சேன், தின்னுட்டு சட்னி கேக்குது. எந்த மந்திரம் போட்டாலும் தொப்பைதான் பெருக்குது, படிய அடைச்சுட்டு நவுர மாட்டேங்குது. அப்பறம் பேச ஆரம்பிச்சுரும். ஆரம்பிச்சா நிக்காதுங்க. நல்லவேளை அதுக்கொரு பட்டன் இருக்குது, அமுக்குனாப் பேச்சு ஓடிரும். நான் மொத வார்த்தையிலயே அமுக்கிருவேன். என்னத்தப் பேசப் போவுது? செருப்பு, மோட்டாரு, தண்ணி. எம்பட பேச்ச நானே எதுக்குங்க உக்காந்து கேக்கோணும்?

இதுல கூத்தக் கேளுங்க. ஒரு நா வெளையாடிட்டு இருக்கறப்ப டேங்கு ரொம்பி ஊத்துது. ரிமோட்டக் கட்டில்ல வெச்சுட்டு மோட்டார நிறுத்த ஓடுனேன். கொழாயில வாஷர் தேஞ்சு ஒழுகிட்டு இருந்துது, அதச் சரி பண்ணிட்டு வர நேரமாயிருச்சு. தெய்வானை இங்க உக்காந்து மொச்சை உரிச்சுட்டு இருந்தா. வந்து பாத்தா, மினுக்கி படி ஏறிட்டு இருக்குது! பூதத்தக் காணோம்!

"எந்த மந்திரம்டீ போட்டே?"ன்னு கத்துனேன்.

"நான் ஒண்ணும் தொடலைங்க"ங்கறா. "அது பேசுச்சு. நான் கேட்டுட்டு இருந்தேன். பேசி முடிச்சுட்டு இடுப்புல இருந்து சாவிய எடுத்து அந்தப் புள்ளைகிட்டக் குடுத்துச்சு. 'மூணாவது படி ஆடும், பாத்துப் போ'ன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கிச்சு. அவ்வளவுதான்."

நம்பற மாதிரியாங்க இருக்குது? பூதம் சும்மா சாவியக் குடுக்குமா? அப்பறம் எம்மூஞ்சியவே பாத்துட்டு, "கோகிலாவப் பத்தி எங்கிட்ட ஒரு நாளும் இப்படிப் பேசுனதில்லையே நீங்க"ங்கறா. கண்ணெல்லாம் செவந்திருக்குது. மொச்சை உரிச்சாக் கண்ணு கலங்குமாங்க? வெங்காயமுன்னாக்கூடச் சரி. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மிசினுக் கோளாறுன்னு நெனச்சேன். மில்லுல எத்தனை பாத்திருக்கறேன். அது மட்டுமில்ல, இன்னொருத்தர் தாண்டுனது எம்பட கணக்குல எப்படிச் சேரும்? மாடிக்குப் போறதுக்குள்ள அழிச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இப்ப திருப்பியும் அதே படியில நிக்கறேன்.

அந்தக் கடைசி மந்திரம் என்னன்னு மட்டும் பாத்துரோணும், அம்மிணி. கோவிச்சுட்டுப் போனதத் திருப்பிக் கூப்புடறது. எனக்கொண்ணும் தேவை இல்ல. சும்மா, தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான்.

அட, காப்பி ஆறிப் போச்சுங்களே. தெய்வானை எப்பக் கொண்டாந்து வெச்சா? நான் கவனிக்கவே இல்ல. நேரமுமாயிருச்சு. அம்மிணி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இத்தனை பேரு வந்தாங்க, நீங்கதான் செல்லைப் பாக்கல, கடிகாரத்தப் பாக்கல, குறுக்க ஒரு வார்த்தை பேசல. இது நல்ல வளப்புங்க. நான் ஆளப் பாத்தாச் சொல்லிருவேன். உங்களுக்குக் குடுக்கறதுல எனக்கு ஒரு யோசனையும் இல்ல. இந்தாங்க, சாவி. இருங்க, கொத்துல சிக்கிருச்சு. ஆங், இந்தாங்க.

ஏனுங்க, சாவிய அப்படிப் பாக்கறீங்க? மறுபடியும் சிரிக்கறீங்க! தெய்வானை, நீயி எதுக்கு அங்க கதவுக்குப் பின்னால நின்னு சிரிக்கறே?

என்னது? நீங்களும் அந்த கேம் வெளையாடிருக்கறீங்களா? அடடே, மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல! அதனாலதான் வந்ததும் செருப்புக்குச் சிரிச்சீங்களா? சரி சரி, கோவமில்ல. பூதத்தத் தாண்டியாச்சுங்களா? எத்தனை வாட்டி முயற்சி பண்ணுனீங்க? ரெண்டு வாட்டியா? இப்பப் பண்ணுனதோட சேத்தா? இப்ப என்ன பண்ணுனீங்க, இங்க சும்மா உக்காந்துதான இருந்தீங்க?

சரி, அது கெடக்கட்டும், எப்படித் தாண்டுனீங்க, எந்த மந்திரம்? சொல்ல மாட்டீங்களா? பட்டன அமுக்காமக் கேக்கோணுமா? முழுசாவா? தெய்வானையும் இதையேதான் சொல்றா, அந்தப் புள்ளைங்களும் இதையேதான் சொல்லுச்சுங்க. எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா? சரி, கேட்டுப் பாக்கறேன். நீங்க மேல இருக்கறப்ப கேக்கறேன், சத்தம் வந்தா நாந்தான்னு நெனச்சுப் பயந்துராதீங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை வேற. அந்தப் புள்ளைங்க பேசுனா, மேல ஆளு வந்தாச்சுன்னு சொல்லோணும். தெய்வானையே சொல்லட்டும். இல்லைன்னா, தெய்வானை, போனை எங்கிட்டக் கொண்டா, பாக்கலாம்.

போங்க, போயி ஊட்டப் பாருங்க. மேக்கால ஜன்னலத் தொறங்க, மலை தெரியும். நில்லுங்க, ஒரு நிமிசம். மூணாவது படி ஆடும், பாத்துப் போங்க.